பலகையில் ஏற்றிவிட்டவள்

என் புருஷன் ஹொரேஸை அந்தக் கப்பலில் ஏற்றியது நான்தான். கம்பெனி இல்லை, கடவுளும் இல்லை. சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் ஊரே வேடிக்கை பார்க்க, வாய்ச்சண்டை போட்டு ஏற்றினேன்.

எங்கள் தெரு ஆண்கள் கப்பலின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. கப்பல் கிளம்பும் நாள் காலையில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, உடனே கரையில் இறங்கி மதுக்கடைக்குப் போய்விடுவார்கள். கடைசிச் சங்குக்குத்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வராதவனின் இடத்தைப் பிடிக்க என்றே துறையில் பத்துப் பேர் காத்துக்கிடப்பார்கள்.

அந்த ஏப்ரலில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கரி கிடைக்காமல் கப்பல்கள் எல்லாம் முடங்கிக்கிடந்தன. ஆறு வாரமாக ஹொரேஸுக்கு வேலை இல்லை. காய்ந்த ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றே என் மூன்று பிள்ளைகளுக்கும் வயிறு ஒட்டிப்போயிருந்தது. கிளம்ப இருந்தது இந்தப் புதுக்கப்பல் ஒன்றுதான், அதன் முதல் பயணம். இதெல்லாம் தெரிந்தும் அந்த மனுஷன், பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும் கப்பலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மதுக்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏய்யா, சங்கு ஊதினது காதுல விழலியா?”

“இன்னும் ஒரு சங்கு இருக்குடி. இந்த ஒரு கிளாஸ்தான்.”

கிளாஸைப் பிடுங்கித் தரையில் ஊற்றினேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் ஓட, அவன் பின்னால் ஓடிவந்தான்.

போய்ச் சேர்ந்தபோது, ஏறும் பலகையை இழுக்கக் கயிறு கட்டிவிட்டார்கள். ஹொரேஸின் இடத்துக்கு அடுத்த தெரு க்ளெம்மைக் கூப்பிட்டாயிற்று. அவன் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டான். கீழே அவன் பெண்டாட்டி டாலி கைக்குழந்தையோடு சிரித்த முகமாக நின்றாள்.

“நேரம் முடிஞ்சுபோச்சு. போய் இன்னொரு கிளாஸ் குடி,” என்றான் பலகையில் நின்ற அதிகாரி.

“விடு மேபல், வீட்டுக்குப் போலாம்,” என்றான் ஹொரேஸ்.

போயிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

“வீட்ல என்னத்த வச்சிருக்க, போறதுக்கு?” என்று அவனைத் தள்ளிவிட்டு அதிகாரியிடம் போனேன். “துரை, காலையில பேர் கொடுத்தவன் இவன். கப்பல் இன்னும் கரையிலதான நிக்குது? இவன ஏத்தலேன்னா என் மூணு பிள்ளைங்களையும் கொண்டாந்து இங்க விட்டுட்டுப் போறேன். நீங்களே வளத்துக்கோங்க.”

மேல்தளத்திலிருந்து சீமாட்டிகள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்தது. “ஏறித் தொலை,” என்றான். க்ளெம்மின் சட்டையைப் பிடித்து நானே கீழே இழுத்தேன்.

“என் பிள்ள வாயில மண்ணப் போட்டுட்டியேடி. நீ நல்லா இருப்பியா? நாசமாப் போவ,” என்று டாலி என் முகத்துக்கு நேரே கத்தினாள்.

“போடி,” என்றேன். ஜெயித்துவிட்ட திமிர். ஹொரேஸ் பலகையின் உச்சியில் நின்று, “ராட்சசி,” என்று சிரித்துவிட்டு உள்ளே போனான்.

ஐந்தாம் நாள் கப்பல் மூழ்கியது. எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது வீட்டுக்கு ஆள் திரும்பவில்லை.

ஊரே வந்து ஆறுதல் சொல்கிறது. யாருக்கு வேண்டும் ஆறுதல்? ஒரு பொம்பளையின் வாய்க்குப் பயந்து வழிவிட்டானே, அவனெல்லாம் ஒரு அதிகாரியா? அவனும் செத்துத் தொலைந்தான். திட்டக்கூட ஆள் இல்லை.

போன வாரம் டாலி சூப் பானையோடு வாசலில் வந்து நின்றாள்.

“அன்னிக்கு ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதக்கா.”

“அன்னிக்குத் திட்டினேல்ல, அதே மாதிரி இன்னிக்கும் திட்டு.”

“வேணாங்க்கா.”

“திட்டுடி. உன் புருஷன வீட்ல வச்சுக்கிட்டு எனக்கு சூப்பா கொண்டாற?”

அவள் பானையைப் படியில் வைத்துவிட்டு அழுதுகொண்டே போனாள். அதை எட்டி உதைக்கத்தான் காலைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால், பிள்ளைகள் மூன்றும் கையில் கிண்ணத்தோடு நின்றிருந்தார்கள். பானையை உள்ளே எடுத்து வந்தேன்.