ஒரு தொட்டி விலைக்கு மூன்று

"பாதி விலைகூட இல்லையா? அப்போ உள்ளே என்ன இல்லை?"

தடுப்பூசிக் கிடங்கின் பொறுப்பாளர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அவளுக்கு வேலையிடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். எதிரே, தொழிற்சாலை லாரியோடு வந்து நின்றவன் அவளுடைய கொழுந்தன். சொந்தக்காரன் கொண்டுவந்த சரக்கு என்பதாலேயே அவளுக்கு இரட்டிப்புச் சந்தேகம்.

"எல்லாம் இருக்கு அண்ணி. இரும்புத் தகடு துருப்பிடிக்கும்போது கரண்ட் தரும், கரண்ட் ஏத்தினா துரு போயிடும். ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கினீங்களே, அதே பேட்டரித் தொட்டிதான்."

"அந்த ஒண்ணோட விலைக்கு இப்போ மூணு தர்றே. அன்னைக்கு ஏமாத்துனியா, இன்னைக்கு ஏமாத்துறியா? அதை மட்டும் சொல்லிடு."

போன மழைக்கு வெளி மின்சாரம் அறுந்து, சோலார் பலகைக்கு வெயிலும் முகம் காட்டாமல், பழைய தொட்டி ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. கெட்டுப்போன தடுப்பூசிகளைக் குழியில் கொட்டியவள் அவள்தான். இன்னும் மூன்று வாரத்தில் அடுத்த மழை. தொட்டியை வேண்டாம் என்றாலும் குழி, நம்பி மோசம்போனாலும் குழி.

இடுப்புச் சாவியை எடுத்துப் பழைய தொட்டியைத் தட்டினாள். டொக். புதியதைத் தட்டினாள். டிங்கென்றது.

"கேட்டியா? காலிப் பானை மாதிரி சத்தம். திற மூடியை! ரெண்டையும் திற!"

திறந்தார்கள். தகடுகளை அவளே விரல்விட்டு எண்ணினாள். பழையதில் எத்தனையோ, புதியதிலும் அத்தனை. ஆனால் பழையதற்கு இரண்டு சுவர். நடுவே பஞ்சு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. புதியதற்கு ஒற்றைச் சுவர்.

"மாட்டினியா! ஒரு சுவர் எங்கே?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். பையிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். அவளுடைய கையெழுத்தேதான்: கசிவு பயம் உள்ளதால் சுவர் இரட்டையாக இருக்க வேண்டும்.

"நீங்க கேட்டதும் எங்களுக்கும் பயம் வந்துடுச்சு. நூறு தொட்டி வரைக்கும் எல்லாருக்கும் ரெட்டைச் சுவர்தான் போட்டோம். உள்சுவர் ஒண்ணுகூடக் கசியலை. அப்புறம்தான் வெளிச்சுவரை எடுத்தோம்."

"ஒரு சுவருக்கா இவ்வளவு விலை குறையும்?"

"சுவரால கொஞ்சம்தான். உங்களோடது நாங்க செஞ்ச ஒன்பதாவது தொட்டி. நாலு பேர் ஒன்பது நாள் திணறினோம். இது நாலாயிரத்துச் சொச்சமாவது. மூணு பேர், ஒரு நாள். இவ்வளவு பேர் வாங்கினதால தகட்டையும் நாங்களே வார்க்கிறோம். கை பழகிடுச்சு அண்ணி."

"பழகின கைதான் திருடும்."

"அய்யோ!"

அவள் கையெழுத்துப் போடவில்லை. வெளி மின்சாரத்தையும் சோலாரையும் துண்டிக்கச் சொன்னாள். குளிர் அறையில் மருந்துக்குப் பதில் தண்ணீர்க் குப்பிகளை அடுக்கினாள்.

"பழசோட சேர்த்து நாலு தொட்டி, நாலு நாள். தெர்மாமீட்டர் முள் பச்சைக் கோட்டைத் தாண்டினா லாரி திரும்பிடும்."

"நான் வீட்டுக்குப் போகலாமா?"

"நீ மட்டும் போகக்கூடாது தம்பி. சாப்பாடு நான் கொண்டு வர்றேன்."

நான்காம் நாள் மாலை வரை முள் பச்சைக் கோட்டைத் தாண்டவில்லை. அவள் மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டு, முதல் மருந்துப் பெட்டியைத் தானே சுமந்துபோய் உள்ளே வைத்தாள். வெளியே வந்தவள் புதிய தொட்டியைச் சாவியால் மறுபடி தட்டினாள்.

"இன்னுமா சந்தேகம், அண்ணி?"

"இந்தச் சத்தம் எனக்குப் பழக வேண்டாமா?" என்றாள், அடுத்த தொட்டியை நோக்கி நடந்துகொண்டே.