அடிப்படை ஆண்டு

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. பிறகு யாரும் கற்பனை வளம் என்று என்னைப் புகழ வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் பால் கம்பெனியின் உமிழ்வுக் குறைப்பு அறிக்கையில் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'பண்ணையாளரின் வெற்றிக் கதை, முந்நூறு சொற்களுக்குள்.' அதை நான் நிரப்பி அனுப்பிவிட்டேன். அதில் எழுத முடியாதது இங்கே இருக்கிறது.

2

தொடக்கங்கள்:

'ரிச்மண்ட் ஆற்றங்கரையில், காலைப் பனியில், கிளைவ் டிரான்டரின் நூற்றெண்பது பசுக்களும்' (இப்போது எண்பத்தைந்துதான். அடித்துவிட்டேன்.)

'பருவநிலை மாற்றத்தை எதிர்கொண்ட ஒரு குடும்பம்' (அவர்கள் எதிர்கொண்டது வெள்ளத்தை. அது பால் கறக்கும் கொட்டகையின் கூரைவரை வந்தது.)

'நான் செய்த தவறு என்ன'

மூன்றாவது வாக்கியத்தை முடிக்கத் தைரியம் வரவில்லை. முதலில் ஆட்களைக் காட்டிவிடுகிறேன்.

3

எங்கள் பாலை வாங்கும் பேரங்காடி ஒரு நிபந்தனை போட்டது. ஒவ்வொரு பண்ணையும், ஒப்பிடுவதற்காகக் குறித்துவைக்கும் அடிப்படை ஆண்டைவிடப் பதினைந்து சதவீதம் குறைவாகப் பசுங்குடில் வாயு வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பண்ணை வாசலுக்கு டேங்கர் வராது. கம்பெனி என்னை அனுப்பியது. கடல் தாண்டி வந்து பதினேழு வருடமாக இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன் என்பதால் விவசாயிகள் என்னிடம் பேசுவார்கள்.

கிளைவுக்கு அறுபத்தொரு வயது. மனைவி நொயலின்தான் பண்ணையின் காகிதங்களைப் பார்த்துக்கொள்பவள். முதல்நாள் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து திட்டத்தை விளக்கினேன்.

"அப்ப என் மாடு ஏப்பம் விட்டா உலகத்துக்கு ஆபத்து. நான் விட்டா ஒண்ணுமில்லயா, வாஸ்?" என்றார் கிளைவ். வாசுகி என்று முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.

"நீ விட்டா இந்த வீட்டுக்குத்தான் ஆபத்து," என்றாள் நொயலின். "வாஸ், நீ எழுதும்மா. இந்தாளு பேச்சக் கேட்டா பொழுது போயிரும்."

(இவர்களை இவ்வளவு நல்லவர்களாக எழுதுகிறேனே என்று எனக்கே சந்தேகம் வந்தது. கிளைவைக் கொஞ்சம் சிடுசிடுப்பாக ஆக்கிப் பார்த்தேன். அப்போது எனக்குக் குற்றவுணர்ச்சி குறைந்தது. அதனால் பழையபடியே மாற்றிவிட்டேன்.)

4

சரி, தவறு.

அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுக்கத் தணிக்கையாளர் ஆதாரம் கேட்பார். எத்தனை மாடு, எவ்வளவு தீவனம், எவ்வளவு டீசல் என்று எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். வெள்ளம் வடிந்த மறுவருடம்தான் நான் போனேன்; டிரான்டர் வீட்டில் பழைய காகிதம் முழுவதையும் ஆறு கொண்டுபோயிருந்தது. ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் குறையில்லாத கோப்பு இருந்தது: வெள்ளம் வந்த ஆண்டு. காப்பீட்டுக்காரர்கள் வந்து, செத்த மாடுகளையும் மிஞ்சிய மாடுகளையும் காதுப் பட்டையோடு ஒவ்வொன்றாகப் படமெடுத்து எழுதியிருந்தார்கள். இருநூற்றுப் பத்தில் மிஞ்சியவை தொண்ணூறு.

இவ்வளவு சுத்தமான ஆவணத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் அந்த ஆண்டையே குறித்துவிட்டேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் உழைத்து அவர்கள் மந்தையை நூற்றெண்பதுக்குக் கொண்டுவந்தார்கள். என் அட்டவணைக்கு அது மீண்டெழுதலாகத் தெரியவில்லை. உமிழ்வு இருமடங்கு என்று சிவப்பில் காட்டியது. கடற்பாசித் தூள் கலந்த தீவனம், சாணிக்குளத்துக்கு மூடி என்று நான் தீட்டிய திட்டமெல்லாம் சேர்ந்தும் பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை. மிச்சத்தை மாடுகளைக் குறைத்துத்தான் ஈடுகட்ட முடியும். எண்பத்தைந்து வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு வந்தது.

5

திருத்தம் கேட்க ஒரு படிவம் உண்டு. 'தவறான அடிப்படை ஆண்டு: காரணம், பொறுப்பானவர் பெயர், கையொப்பம்.' நான்கு முறை நிரப்பினேன். என் வேலை ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட இருந்தது. நான்கு முறையும் அழித்தேன். திருத்தத்துக்குக் கடைசி நாளான ஜூன் முப்பது தாண்டிவிட்டது.

இங்கே வாசகர் என்னை வெறுக்க வேண்டும். வெறுக்கவில்லை என்றால் நான் எழுதியது சரியில்லை.

6

தொண்ணூற்றைந்து மாடுகளையும் கசாப்புக்கு ஏற்றிய மறுவாரம், வெற்றிக் கதைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கப் போனேன். நொயலின் தேநீர் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். கொட்டகைப் பக்கம் சத்தமே இல்லை.

"எண்பத்தஞ்ச வச்சு அடுத்த வருசம் தாக்குப்பிடிக்க மாட்டோம் வாஸ்," என்றாள். "அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் புரியல. அத்தன வருசம் இருக்கும்போது, எங்க மாடு மெதந்துபோன வருசத்த எடுத்து இதான் அளவுன்னு வச்சது யாரு?"

முடிவு அ: 'நான்தான்,' என்றேன்.

முடிவு ஆ: நான் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொ (சீ. இப்படி மன்னிப்பை நானே எழுதி வாங்கிக்கொள்ளலாமா?)

நடந்தது: "ஆபீஸ்ல முடிவு பண்ணுனது," என்றேன்.

"அவள ஏன் கேக்குற?" என்றார் கிளைவ், கையெழுத்துப் போட்டபடியே. "பாவம், அவ என்ன பண்ணுவா? எழுதுறவதானே. நீ டீயக் குடி வாஸ், ஆறிப்போவுது."

குடித்தேன்.

7

அவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இதை எழுதியிருக்கிறேன். வேறு எந்த மொழியிலும் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. முடிவு அ இன்னும் நடக்காமல்தான் இருக்கிறது; உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், நொயலினிடம் அந்த ஒரு சொல்லை என் சார்பில் சொல்லிவிடுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் உங்களால் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. பெயர்களை மாற்றிவிட்டேன். ஆற்றையும்.