வெளிச்சாப்பாடு

நான்சி வீட்டு நாய்க்கு ஓட்டி என்று பெயர். நாய்க்கு இப்படியும் ஒரு பெயரா என்று கேட்டால் நீங்கள் டவுன்ஷிப்புக்குப் புதுசு. தானே புயலில் மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த வாரம், அவள் வீட்டுக்காரர் ஆனந்த்ராஜ் நிலக்கரி மைன்ஸில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வரும்போது, விழுந்த புங்கமரத்தடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார். ஓ.டி. பார்த்த அன்றைக்குக் கிடைத்தது, அதனால் ஓட்டி. நான்சி பிறந்து வளர்ந்ததோ கடலூர் ஓல்டு டவுன், ஊர் வாயில் அதுவும் ஓ.டி.தான். "எங்க ஊர் பேர நாய்க்கா வெக்கிறீங்க?" என்று ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளே "ஓட்டிக்கண்ணு" என்று கூப்பிட்டுப் பால் ஊற்றினாள். அங்கேதான் மாட்டினாள்.

குட்டி வளர்ந்து நாயானதும் அதற்கு வயிறு கெட்டது. முதலில் ஒரு வாந்தி, ஒரு பேதி, அவ்வளவுதான். அப்புறம் அதுவே பிழைப்பாகிவிட்டது. தின்றது தின்றபடி வெளியே வந்தது. விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. கால்நடை டாக்டர் கொளஞ்சிநாதன் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கணையம் சரியா வேலை செய்யலம்மா. தீந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். பாத்துக்கினா ஓடும்" என்றார்.

பாத்துக்கினா! சொல்கிறவருக்கு ஒரு வார்த்தை. அரிசியைக் குழையக் குழைய வேக வைக்க வேண்டும். தோல் எடுத்த கோழிக்கறியை உப்பில்லாமல் அவித்துப் பஞ்சு மாதிரி பிய்த்துப் போட வேண்டும். டாக்டர் கொடுத்த பொடியைக் கலந்து ஊற விட வேண்டும். எண்ணெய் சொட்டுகூட ஆகாது. அதையும் ஒரேயடியாக வைக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. நேரம் தப்பினால் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையாகக் கக்கும். கக்கினதைத் துடைத்து, பினாயில் போட்டு, பழைய புடவையை மாற்றி விரித்து நிமிர்ந்தால் அடுத்த கஞ்சிக்கு நேரமாகியிருக்கும்.

இப்படியே நான்சியின் ஊர் உலகம் சுருங்கிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிவதற்குள் எழுந்து வந்துவிடுவாள். கடலூரில் சொந்தத் தம்பி வீடு கட்டிப் புதுமனை புகுந்தபோது, இலையில் உட்கார்ந்த கையோடு எழுந்து பஸ் பிடித்தாள். தம்பி பெண்டாட்டி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் செங்கமலத்துக்கோ வாய் சும்மா இருக்காது. "உங்க வூட்ல சங்கிலி நாய் கழுத்துல இல்ல நான்சி. உன் கழுத்துலதான் கெடக்குது" என்பாள். நான்சி சிரித்து வைப்பாள். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைக்கும்போது எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஆனந்த்ராஜைக் குறை சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஷிப்ட் உண்டு, தூக்கம் உண்டு. ஓட்டி மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் அது கக்கி வைத்ததைத் துடைக்க மட்டும் அவருக்குக் கை வராது.

மகள் ஜெசிந்தா திருச்சி காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன கோடையில்தான் அந்த வேலை வந்தது. மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியின் தலைமை ஆசிரியை தனபாக்கியம், ஜெசிந்தாவுக்கு டியூஷன் எடுத்தவர், போன் செய்தார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வேண்டும். "நீ பி.எட். முடிச்சவதான? எத்தினி வருஷம் அத பெட்டியில வெச்சிப் பூட்டி வெப்ப? திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது. சனிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லிடு."

நான்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு வருஷம் பாடம் எடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் கரும்பலகைப் பக்கமே போனதில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்துவிட்டாள். கிளம்பும்போது ஒரு கஞ்சி. மத்தியானம் பஸ்ஸில் ஓடி வந்து ஒரு கஞ்சி. நடுவில் உள்ளதை அவர் வீட்டில் இருக்கிற ஷிப்டில் அவர் வைக்கட்டும், இல்லாத ஷிப்டில் செங்கமலத்தின் காலில் விழுந்தாவது வைக்கச் சொல்லலாம். ஓட்டியின் வயிறு மட்டும் ஒழுங்காக இருந்துவிட்டால் போதும். இருக்கவும் இருந்தது. ரெண்டு வாரமாக ஒரு வாந்தி இல்லை.

அப்போது பார்த்து ஆனந்த்ராஜுக்கு நைட் ஷிப்ட் வந்தது.

இதை நான்சி ரொம்ப நாளாகவே கவனித்திருந்தாள். அவருக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரமெல்லாம் ஓட்டிக்கு முடியாமல் போகும். ஏன் என்று யோசித்து, அவளாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்து அவரிடம் சொல்லியிருந்தாள். "அது உங்களத் தேடுதுங்க. ராத்திரி நீங்க வீட்ல இல்லன்னா அதுக்கு உள்ள எறங்க மாட்டேங்குது." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயில்லா சீவனுக்கு இருக்கிற பாசத்தப் பாரேன்!" என்று அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் நைட் ஷிப்ட் வாரத்தில் அதன் பாடு இன்னும் மோசமாயிற்றே தவிர குறையவில்லை.

இந்தத் தடவை வெள்ளிக்கிழமை ரத்தமாகப் போயிற்று. சனிக்கிழமை காலையில் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கொளஞ்சிநாதனிடம் ஓடினாள். அவர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, "வெளிச்சாப்பாடு எதனா குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"மாதா சத்தியமா இல்லைங்க டாக்டர்."

"வீட்ல வேற யாராவது?"

அங்கேயே போனைப் போட்டு ஆனந்த்ராஜைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாள். "என்னங்க, ஓட்டிக்கு வெளிச்சாப்பாடு ஏதாச்சும் போட்டீங்களா?"

"நானா? சேச்சே. மந்தாரக்குப்பத்துலேர்ந்து ஒரு பொறை பிஸ்கட்டுகூட வாங்கியாந்தது இல்ல நான்சி. நீதான் சொல்லியிருக்கியே."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அப்படியென்றால் நோய்தான் முற்றுகிறது போலிருக்கிறது, கொஞ்ச நாளைக்கு ஆள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

சாயந்திரம் நான்சி தனபாக்கியத்துக்குப் போன் செய்தாள். ஓட்டியை விட்டுவிட்டு வர முடியாது என்றாள்.

"என்னம்மா, நாய்க்காகவா?" என்றார் அவர்.

"ஆமாங்க மேடம்."

"வேற யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க. சரி, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தால் ஓட்டி மூலையில் கிடந்தது. "செத்துத் தொலையேன், சனியனே! என் உயிர ஏன் எடுக்குற?" என்று கத்தினாள். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்ததோ என்னவோ, அது வாலை ஒரு தட்டுத் தட்டியது. நான்சி தன் வாயிலேயே ரெண்டு போட்டுக்கொண்டாள். அப்புறம் கஞ்சியை எடுத்து வந்து விரலால் ஊட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்தது. வழக்கமாக ஆனந்த்ராஜ் நைட் முடித்து வருகிற நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்பாள். அன்றைக்கு அடுப்படியில் நிற்கப் பிடிக்கவில்லை. இந்நேரம் குளித்துப் புடவை கட்டிக்கொண்டிருக்க வேண்டியவள் ஆயிற்றே! ஓட்டி அசிங்கம் பண்ணின துணிகளை அள்ளிக்கொண்டு தோட்டத்துக் கல்லுக்குப் போய், யார் மேலோ இருந்த கோபத்தையெல்லாம் துணியில் காட்டி அடித்துத் துவைத்தாள். அப்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ரெண்டு நாளாகக் கிடந்த கிடையாக இருந்த ஓட்டி, தட்டுத் தடுமாறி எழுந்து ஸ்கூட்டர் ஷெட்டுப் பக்கம் ஓடியது. நான்சிக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. எவ்வளவு தேடுகிறது பார், என்று எட்டிப் பார்த்தாள்.

ஆனந்த்ராஜ் ஸ்கூட்டரிலிருந்து இறங்கக்கூட இல்லை. டிபன் டப்பாவைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, ஒரு போண்டாவை இரண்டாகப் பிய்த்தார். "வாடா என் தங்கம். மெதுவா, மெதுவா."

நான்சி ஈரக் கையோடு ஓடி வந்து, ஓட்டியின் வாய்க்குள் விரலை விட்டு அதைப் பிடுங்கினாள். "என்னங்க இது?"

"போண்டா. நைட் கேண்டீன்ல குடுத்தது." திருட்டு முழி இல்லை, ஒளிவு இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

"வெளிச்சாப்பாடு போடாதீங்க போடாதீங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே!"

"வெளிச்சாப்பாடா?" ஆனந்த்ராஜுக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது. "எது வெளிச்சாப்பாடு? இது நம்ம கேண்டீன்து நான்சி! இருவத்தாறு வருஷமா நான் துன்னுகினு இருக்கேன், எனக்கு இன்னா ஆயிடுச்சு?"

அடப் பாவி மனுஷா! ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு அந்தப் பக்கம், மந்தாரக்குப்பத்தில் இருக்கிற கடை, ஹோட்டல், தள்ளுவண்டி எல்லாம் வெளி. மைன்ஸும் கேண்டீனும் உள்ளே. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து பெர்மனென்ட் ஆன நாள் முதல் அவருக்கு அப்படித்தான். அவருக்கு மட்டுமா? நைட் முடித்து வருகிற அப்பாக்கள் கேண்டீன் பலகாரத்தைத் தின்னாமல் மடித்து எடுத்து வருவதும், பிள்ளைகள் கேட்டிலேயே நின்று பிடுங்கிக்கொள்வதும் அந்த பிளாக்கில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஜெசிந்தா அதைத் தின்றுதான் வளர்ந்தாள். ஒன்பதாவது வந்ததும் முகத்தில் பரு வருகிறது, எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொன்னதை நான்சி அவரிடம் சொன்னதில்லை. சமைக்கிறவள் அவள், அவருக்கு எதற்கு அந்த விவரம் என்று இருந்துவிட்டாள்.

"எவ்ளோ நாளா குடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"பாப்பா வேணாம்னதுலேர்ந்துதான். மத்த ஷிப்ட்ல எங்க மீறுது? நைட்ல மட்டுந்தான் ரெண்டு போண்டா. முன்னெல்லாம் ஒண்ண நான் துன்னுட்டு ஒண்ண கொண்ணாருவேன்." அவர் குரல் தணிந்தது. "அது என்னத் தேடுதுன்னு நீ சொன்னியா, அதுலேர்ந்து ரெண்டையும் இதுக்கே கொண்ணாந்துடறேன்."

நான்சி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஸ்கூல் திறக்கும் நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, தனபாக்கியத்துக்குப் போன் செய்தாள். பின்னால் பிள்ளைகள் பிரேயர் பாடுகிற சத்தம் கேட்டது.

"வடக்குத்து கிராமத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்துடுச்சேம்மா. இப்பதான் கையெழுத்துப் போட்டுச்சு. ஒரு நாள் முன்னாடி கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் அவர்.

போண்டா நின்றது. ஓட்டி தேறியது. ஆனந்த்ராஜ் குற்ற உணர்வில் கஞ்சி காய்ச்சக்கூடக் கற்றுக்கொண்டார். பொடியை அளந்து போட்டு, ஊற விட்டு, நேரம் தவறாமல் வைத்தார். அடுத்த நைட் ஷிப்ட் வாரம் முழுக்க ஒரு வாந்தி இல்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. துவைக்கத் துணி இல்லாமல் நான்சி மத்தியானமெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சிநாதன் நாயை எடை பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, பிரமாதமா பாத்துக்கறீங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆனந்த்ராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தாராளமாகச் சொன்னார்: "இனிமே இதப் பத்தி நீ கவலையே படாத நான்சி. நான் பாத்துக்கறேன். நீ எங்க வேணும்னாலும் போயிட்டு வா. உன்ன யாரு புடிச்சி வெக்கிறா?"

"எங்கங்க போறது?" என்று கேட்டாள் நான்சி.

அவர் உண்மையிலேயே யோசித்தார். "சர்ச்சுக்குப் போ. மார்க்கெட்டுக்குப் போயிட்டு வா."

"அப்புறம்?"

ஆனந்த்ராஜ் நாயின் காதைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"சொல்லுங்க. அப்புறம்?" என்றாள் நான்சி, விடாமல்.