பதினான்காம் எண் வீட்டின் கோடைகாலம்

1978 டிசம்பர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, யார்க்‌ஷயரில் ஸ்கெல்ஃபோர்த் ஊரின் சேப்பல் தெருவில் பதினான்காம் எண் வீட்டுச் சமையலறையில் மட்டும் கோடைகாலம் தொடங்கியது. பக்கத்து வீட்டுக் குழாய்களில் தண்ணீர் உறைந்திருந்தது. இங்கே வெண்ணெய் உருகித் தட்டை விட்டு வழிந்தது, ஜாம் பாட்டிலை ஒரு குளவி சுற்றியது, ஜன்னல் விளிம்பில் எப்போதோ செத்துப்போன தக்காளிச் செடி பூவிட்டது. வீட்டுக்காரி மேவிஸ் தாக்ரே அடுப்பை அணைத்துப் பார்த்தாள், கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். பனி வாசற்படி வரை வந்து அங்கேயே நின்றது. ஒன்றும் புரியாமல் அவள் டீ போட்டுக் குடித்தாள். வேறு என்ன செய்வது?

அவளுடைய கணவன் வில்ஃப் முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். நெஞ்செல்லாம் கரித்தூள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவன் மூச்சு விசிலடிக்கும். சென்ற ஆண்டு உதடு நீலமாகி இரண்டு முறை சாவு வரை போய்த் திரும்பினான். இன்னொரு குளிர்காலத்தை அவன் தாங்க மாட்டான் என்று டாக்டர் மேவிஸிடம் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வில்ஃப் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து, விசிலே இல்லாமல் இரண்டு முட்டை சாப்பிட்டான். மேவிஸ் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

காரணம் மட்டில்டா என்று கண்டுபிடித்தது எதிர்வீட்டு எர்னி பூத்ராய்ட். மட்டில்டா வில்ஃபின் ஃபெரெட். கீரிப்பிள்ளை போல நீண்ட உடம்பு, முயல் வளைக்குள் விட்டால் முயலை விரட்டி வெளியே கொண்டுவரும். எங்கள் ஊரில் ஃபெரெட் இல்லாத ஆண்பிள்ளையைப் பாதி ஆளாகத்தான் மதிப்பார்கள். ஆனால் அதை வீட்டுக்குள் வைப்பதில்லை. முற்றத்துச் சுவரோரம், மரக்கூண்டில்தான். வில்ஃபால் முற்றம் வரைகூட நடக்க முடியாமல் போனதால் அக்டோபரில் மேவிஸ் கூண்டைச் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டாள். அங்கே காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை டியூப்லைட் எரியும். சுரங்கத்திலிருந்து வந்தவனுக்கு இருட்டு ஆகாது.

“அது லைட்டப் பாத்து ஏமாந்துபோச்சு, கண்ணு,” என்றார் எர்னி, மட்டில்டாவின் முதுகைத் தடவியபடி. “பகல் நீளமாயிருச்சுன்னு நெனச்சு குளிர்கால முடியக் கொட்டிட்டு கோடை முடி போட்டிருக்கு பாரு.”

“அது ஏமாந்தா சரி. என் வெண்ணெ எதுக்கு ஏமாறணும்?”

எர்னி சோதித்துப் பார்க்க மட்டில்டாவைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். ஒரு மணி நேரத்தில் மேவிஸின் தக்காளிப் பூ கருகியது, வில்ஃபின் உதடு நீலமானது. செருப்புகூட மாட்டாமல் மேவிஸ் பனியில் ஓடிப்போய் மட்டில்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன்பின் அந்த டியூப்லைட்டை யாரும் தொடவில்லை. தெருப் பெண்கள் ஈரத் துணிகளை அவள் சமையலறையில் கொண்டுவந்து காயப்போட்டார்கள். கிறிஸ்துமஸுக்குப் பாதிரியார் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி நடுவில் மட்டில்டாவின் வால் வழுக்கையானது. பிறகு இடுப்பு. அது சாப்பாட்டைத் தொடாமல், நாள் முழுக்கச் சொறிந்துகொண்டு கிடந்தது. எர்னி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: இதற்கு லைட் வெளிச்சம் அதிகமாகிவிட்டது, நிஜமான பகல் வேண்டும், நேரத்தோடு இருட்டவும் வேண்டும், மண்ணில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஈஸ்டர் வரை தாங்காது. மேவிஸ் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டாள். வெளியே விட்டால் வில்ஃப் போய்விடுவான். விடாவிட்டால் ஃபெரெட் போய்விடும், அதோடு கோடையும் போய்விடும், அப்புறம் வில்ஃபும். இன்னும் சில வாரமாவது கிடைக்கட்டும் என்று எர்னியின் வாயைச் சத்தியம் வாங்கிக் கட்டிவிட்டு, பழுப்புக் கம்பளி நூலில் மட்டில்டாவின் வாலுக்கு ஓர் உறை பின்னி மாட்டினாள். அப்படிச் செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி அந்த உறை வில்ஃபின் மடியில் கழன்று விழுந்தது. அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, மட்டில்டாவின் மொட்டை வாலைத் தடவினான்.

“எத்தன நாளா?”

“மூணு வாரம்.”

“கூண்ட வெளிய வை, மேவிஸ்.”

“வச்சா நீ செத்துப்போவ, கிழட்டு முட்டாளே!”

“குளிர்காலம் பூரா இருட்டுல எறங்கி இருட்டுல ஏறினேன். பகல்னு ஒண்ணப் பாத்தது ஞாயித்துக்கிழமதான். இதுக்கு அந்த ஞாயித்துக்கிழமகூட இல்லையேடி.”

மேவிஸ் நகரவில்லை. வில்ஃபே எழுந்து, கோட்டை மாட்டி, மட்டில்டாவை உள்ளே விட்டுப் பித்தானிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்துக்குப் போனான். வழியில் டியூப்லைட் சுவிட்சைத் தட்டி அணைத்தான். பின்னாலேயே குளிர்காலம் சமையலறைக்குள் நுழைந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மேவிஸ் நாற்காலியையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அன்றிலிருந்து விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அவன் முற்றத்தில்தான் இருந்தான். மட்டில்டா கயிற்றில் கட்டுண்டபடி பனியைத் தோண்டும், அவன் இருமுவான். இருட்டியதும் வீட்டில் விளக்குப் போட விடவில்லை. கூண்டும் உள்ளே வரக் கூடாது. முதல் வாரம் அவன் இருமலில் ரத்தம் வந்தது. இன்னும் ஒரு வாரம்தான் தாங்குவான் என்று கணக்கிட்டு மேவிஸ் தன் கறுப்புக் கவுனை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். மூன்றாவது வாரம் மட்டில்டாவின் வாலில் பூனைமுடி அரும்பியது. அந்த வாரச் செவ்வாய்க்கிழமை, வில்ஃபுக்கு முதுகு தேய்த்துவிட்ட மேவிஸ், அவன் தோளில் மட்டில்டாவின் குளிர்கால முடி போலவே வெளிர்மஞ்சள் நிறத்தில், நுனி கறுத்த, மெத்தென்ற முடி விரல் நீளத்துக்கு வளர்ந்திருப்பதைப் பார்த்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. நெஞ்சிலும் இருந்தது. அவள் அப்படியே காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை.

“என்னடி ஆச்சு?” என்றான் வில்ஃப்.

“எனக்கென்ன தெரியும்? திரும்பு, அந்தப் பக்கம் தேய்க்கணும்.”

டாக்டர் வந்து பனியனைத் தூக்கிப் பார்த்தார். முடியை விலக்கிக் குழலை வைத்துக் கேட்டார், இரண்டு முறை கேட்டார், பிறகு சீட்டில் ‘பகல் வெளிச்சம், தொடரவும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேவிஸ் கறுப்புக் கவுனை வெட்டி மரக்கூண்டுக்கு விரிப்பாகப் போட்டாள். வில்ஃப் அதன்பின் பதினான்கு குளிர்காலம் இருந்தான். மட்டில்டா ஆறு, அதற்குப்பின் அதன் மகள். இலையுதிர்காலத்தில் வில்ஃபுக்கும் ஃபெரெட்டுக்கும் தடித்த முடி வரும், வசந்தம் பிறந்ததும் ஒரே வாரத்தில் கொட்டும் என்பதைத் தெரு சாதாரணமாக ஏற்றுக்கொண்டது. எது யாருடைய முடி என்று முதல் வருடம் மேவிஸ் பிரித்துப் பார்க்க முயன்றாள். குழப்பம்தான் மிச்சம். பிறகு ஒன்றாகவே பெருக்கி முற்றத்து ஓரம் கொட்டினாள். சிட்டுக்குருவிகள் கூடு கட்ட எடுத்துக்கொண்டு போயின.