சமையலறைத் தரையின் சரிவு

1.

“சும்மா கொண்டு போங்க, மொதலாளி.”

முன்னறையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த பொம்மை ரயில் மலைக்கு எஸ்தர் சொன்ன விலை அது. கஹவத்தையில் மாணிக்கக் கல் வியாபாரம் பார்த்த குடும்பம் எங்களுடையது. லட்சம் என்றால் பத்தாயிரத்தில் தொடங்குவேன். சும்மா என்றால் எங்கே தொடங்குவது? சும்மா வரும் சாமானை இரண்டு தரம் புரட்டிப் பார் என்பார் வாப்பா. கொழும்பு ஹோட்டல்காரர் ஒருவருக்காக அந்த மலையை வாங்கவென்று 2003இல் குருவிட்டவுக்குப் போனவன், புரட்டிப் பார்த்து இந்தக் கதையோடு திரும்பினேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஜெறோமின் கனவில் ஒரு ரயில் கூவிக்கொண்டே...”

வேண்டாம். எஸ்தரின் புருஷன் ஜெறோம் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். கனவு கண்டாலும் அதில் நட்டு முறுக்கிக்கொண்டிருப்பான்.

மலை செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் துரை பங்களாவில் தூக்கிப் போட்ட சஞ்சிகையில் இப்படியொரு மலையின் படம் பார்த்தவன், பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை மலையின் விலா எலும்புகளாக அறுத்து நிறுத்தினான். மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலை. அதன்மேல் கோதுமை மாப் பசையில் தோய்த்த பத்திரிகைத் தாள், அடுக்கடுக்காக. தண்டவாளத்துக்கு அடியில் தக்கை விரிக்கச் சொன்னதாம் சஞ்சிகை. தக்கைக்கு எங்கே போவது? புகையூட்டிய ரப்பர் ஷீட்டைப் பட்டையாக வெட்டி, ஓரத்தைச் சாய்வாகச் சீவி, மலையைச் சுற்றி ஒட்டினான். மழைக்காலத்தில் அது நாறும்.*

(* “எல்லாக் காலத்துலயும்” என்று எஸ்தர் இங்கே திருத்துவாள்.)

தண்டவாளமும் எஞ்சினும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வரவில்லை.

3.

குருவிட்ட வழியாக ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. தண்டவாளத்தைக் கழற்றிய பிறகு மேடு மட்டும் மிஞ்சியது. தோட்டத்து லயத்தின் வரிசை அறையை விட்டு வந்த இருவரும் அந்த மேட்டின் மேல்தான் வீடு கட்டினார்கள். காணிக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. ஆனால் கதவைச் சாத்தினால் உள்ளே அவர்கள் மட்டும். லயத்தில் பிறந்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

ஜெறோம் முன்னறையில் செய்ததும் அதே பாதைதான்.

“என்னாங்க, குசினியில தண்ணி கொட்டுனா வாசலுக்கு ஓடுது. மட்டம் பண்ணி சிமெந்து போடுங்களேன்.”

“தொடாத புள்ள. அது ரயில் ஏறுன சரிவு.”

சமையலறைத் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதே சரிவை ரப்பருக்கும் கொடுத்தான்.

4.

மலை காய்ந்த அன்று எஸ்தர் கேட்டாள்.

“நம்ம வூடு எங்க?”

“ரயில் ஓடுன காலத்துல நம்ம வூடு ஏது?”

“ஸ்டேசன் வச்சீங்க. கோயில் வச்சீங்க. தொரை பங்களா வச்சீங்க, அதுல நாய்கூட நிக்குது.”

“வூட்ட வச்சா பாதைக்கு நடுவுல நிக்கும். ரயில் எப்பிடிப் போறது?”

“ரயில் எங்க இருக்கு?”

(இதற்கு ஜெறோம் அழகாகப் பதில் சொன்னதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவன் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

கூரைக்கும் சுவர்ப் பூச்சுக்குமாக எஸ்தர் 1996இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தொலைபேசியில் கேட்டாள்: “வச்சாச்சா?”

“வச்சாச்சு.”

“கதவு என்னா கலரு?”

“பச்ச.”

அடுத்த தரம் படி கேட்டாள், படி வைத்தான். ஜன்னல் கேட்டாள், ஜன்னல் வைத்தான். எல்லாம் வாயால்.

“அங்க அடுத்தவ வூட்டக் கூட்டயில அந்தப் பச்சக் கதவத்தான் நெனச்சுக்குவேன், மொதலாளி” என்று எஸ்தர் என்னிடம் சொன்னாள்.

இந்த இடத்தில்தான் ஜெறோம் எனக்குப் பாத்திரமாகத் தேறவில்லை. ஒரு தீப்பெட்டியை மடித்து வைத்திருந்தாலே போதுமே. ஏன் வைக்கவில்லை என்று அவனிடம் நேரே கேட்டேன்.

“வைக்கத்தான் இருந்தேன். தண்டவாளம் வந்ததும் ஓரமா ஒதுக்கி...” என்றான். மீதியை நானும் முடித்து வைக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து வந்த எஸ்தர், பையை இறக்கிவிட்டு முதலில் மலையைப் பார்த்தாள். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். மறுநாளிலிருந்து மலைமேல் துணி காயப் போட்டாள்.

5.

ஒரு முடிவு: ஜெறோம் ரப்பரை வெட்டி, அந்த இடைவெளியில் வீட்டை வைக்கிறான். எழுதிப் பார்த்தேன். எஸ்தர் அந்தப் பக்கம் திரும்பவே மறுத்துவிட்டாள்.

இன்னொன்று: நான் மலையை லொறியில் ஏற்றி

ஏற்ற முடியாது. உள்ளேயே வளர்ந்த மலை, வாசலில் நுழையாது. வெளியே எடுக்க மலையை அறுக்கவேண்டும், அல்லது சுவரை உடைக்கவேண்டும். குவைத் காசில் பூசிய சுவர் அது.

உண்மையில் நடந்ததை இவ்வளவு தூரம் சொல்லலாம். ஜெறோம் எழுந்துபோய் மரமறுக்கும் வாளை எடுத்து வந்தான். மலையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“எந்த எடத்துல அறுக்கிறது?” என்றான், அவளைப் பார்க்காமல்.

“நம்ம வூடு இருக்க வேண்டிய எடம் ஒங்களுக்குத் தெரியுமில்ல? அங்க.”

வாள் ரப்பர்மேல் நின்றது. எனக்குப் பஸ் இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். மீதி உங்களுடையது. நான் கணக்கை மட்டும் எழுதி வைக்கிறேன்.

எஸ்தர் கொடுத்தது: கூரை, சுவர், நான்கு வருடம், மட்டமாக்காமல் விட்டுக்கொடுத்த ஒரு சரிவு.
எஸ்தருக்குக் கொடுத்தது: ஒரு நிறம்.
பாக்கி: வீடு ஒன்று.