சந்துக்குள் கேட்ட தட்டல்

செம்புக் குழாயை நசுங்காமல் வளைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. அதனால் ஏசி வேலை செய்கிறவர்களிடையே அவள் பெயர் ‘செம்பக்கா’. இந்த வீட்டில் உள்பெட்டியையும் வெளிப்பெட்டியையும் ஆட்கள் முந்தாநாளே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே குழாயும் வயரும் இணைப்பது அவள் வேலை.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். டிவி காதைப் பிளந்தது.

“கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க சார்.”

“குறைச்சா தட்டல் கேக்கும்மா. பக்கத்துல எங்கண்ணன். எட்டு வருஷமாப் பேச்சு இல்ல. பொதுச் சந்துல பெட்டியை மாட்டினது பொறுக்கல. நேத்துக் காலைல இருந்து சுவத்தைத் தட்டிட்டே இருக்காரு. வயித்தெரிச்சல்!”

“சுவத்தோட விட்டாரே! எங்க மாமியாரா இருந்தா என் தலையில தட்டியிருப்பாங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரே வீட்டை நடுவில் பிரித்துக்கொண்டவர்கள் அண்ணனும் தம்பியும். அறை மூலையில் இருந்த இடைக்கதவைக் குறுக்குப் பலகைகள் வைத்துத் திருகியிருந்தார்கள்.

ஏசிக்கான சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொண்டாள். உள்பக்க இணைப்பை முடித்துக் குழாய்களைத் துளை வழியே வெளியே விட்டு, பின்பக்கச் சந்துக்கு வந்தாள். குழாய் முனையின் பிசிரைச் சீவி, நட்டைக் கோத்து, குழாயின் வாயை விரித்தாள். இரண்டு ஸ்பேனரைப் பிடித்து முறுக்கினாள். பிறகு வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றி, எண் பார்த்து ஒவ்வொரு வயராகச் சொருகும்போதுதான் அது கேட்டது.

டங்... டங்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டங்.

சண்டைக்காரன் தட்டுகிற தட்டல் இல்லை அது. உயிரே இல்லாத தட்டல். கூடவே, பக்கத்துக் குளியலறை ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

“தம்பி...”

ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னலின் கண்ணாடிப் பட்டை ஒன்றை உருவிப் பார்த்தாள். ஈரத் தரையில் ஒரு பெரியவர் கிடந்தார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கையில் நெளிந்துபோன ஒரு சொம்பு. ஸ்டூலிலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடினாள்.

“சார், உங்கண்ணன் வம்புக்குத் தட்டல! விழுந்து கெடக்காரு!”

“என்னது?” என்றார் அவர். ரிமோட் கையிலேயே இருந்தது.

அவள் டிவி பிளக்கைப் பிடுங்கினாள். வீடே நிசப்தமானது. டங்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே பேட்டரி டிரில்லை எடுத்துப் பலகைத் திருகுகளைக் கழற்றினாள். கடைசி இரண்டு துருப்பிடித்து அசையவில்லை. அவர் அவளைத் தள்ளிவிட்டு வெறுங்கையால் பலகையைப் பிய்த்தார். விரல் கிழிந்து ரத்தம் வழிந்ததை அவர் பார்க்கவே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வீட்டுக் குளியலறைக்கு ஓடினார்.

“அண்ணே!”

பெரியவர் கண்ணைத் திறந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த வாளித் தண்ணீர்தான் அவரைக் காப்பாற்றியிருந்தது.

“டிவி சத்தம் கேட்டுச்சுடா. நீ வீட்லதான் இருக்கேன்னு தெரிஞ்சுது. எப்படியும் வருவேன்னுதான் விடாம தட்டுனேன்.”

தம்பிக்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணனின் கையைப் பிடித்த பிடியை ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஏறிக்கொண்டார். செம்பக்கா வேலையைப் பாதியில் நிறுத்தி, வெளிப்பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் தம்பிக்காரர் போனில் கூப்பிட்டார். இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்களாம், நாளைக்கு அண்ணனை அழைத்து வருகிறாராம். அவள் போய் மிச்ச வயர்களை இணைத்து, குழாய்க்குள் இருந்த காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாயுவைத் திறந்துவிட்டாள். குளிர்காற்று வந்தது.

“அண்ணன் இனிமே இந்த ரூம்லதான். காத்து நேரா மேல படாம வைக்க முடியுமாம்மா?”

“வெச்சுடலாம் சார்.”

அவள் ஏசியில் காற்று வரும் மடலை மேலே திருப்பினாள். அவர் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தட்டல் கேக்காம இல்லம்மா. கேட்டுட்டேதான் இருந்தேன்,” என்றார்.

அவள் தரையில் கிடந்த செம்புச் சீவலை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.