சாவியில் அடித்த நம்பர்

சாவிக்காரருக்குத் தன் போன் நம்பர் வாயில் வராது, கையில்தான் வரும். யாராவது கேட்டால் மேசையில் விரலால் தட்டித் தட்டித்தான் சொல்லுவார். இருபத்தாறு வருஷப் பழக்கம். சாவி வெட்டி, அரத்தால் பிசிறு எடுத்ததும், சின்னச் சின்ன இரும்பு எண் அச்சுகளை ஒவ்வொன்றாய்ச் சாவியின் தலையில் நிறுத்திச் சுத்தியலால் ஒரு தட்டு. பத்து எண்ணுக்குப் பத்துத் தட்டு. கடைசி மூன்றும் ஏழு, ஏழு, இரண்டு.

சாவிக்கு நம்பர் எதற்கு என்பீர்கள். சாவி ஒடிந்தால் பாதி பூட்டுக்குள் போய்விடும், தலை கையில் நிற்கும். வாசலில் தவித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அந்தத் தலையைப் பார்த்தால் போதும், யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்துவிடும். ஊரில் பாதிப் பேர் இடுப்பிலும் பையிலும் அவர் நம்பர்தான் கிலுகிலுத்தது. அவருடைய பிழைப்பே அந்தக் கூப்பிடலில்தான்.

எதிர்க்கடை அவர் மச்சினனுடையது, மனைவியின் கடைசித் தம்பி. நாலு வருஷம் இவரிடமே வேலை கற்றுக்கொண்டு, நேர் எதிரே கடை போட்டான். புது மெஷின், கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி எல்லாம் இருந்தது. ஆள்தான் வரவில்லை.

“மாமா, உங்க தொழிலைக் கத்துக்கிட்டேன், உங்க அதிர்ஷ்டத்தைக் கத்துக்க முடியலையே” என்பான்.

“நாற்காலியில சுத்தினா ஆள் வராது மாப்ளே, தலைதான் சுத்தும்” என்பார் இவர்.

ஒருநாள் மச்சினனே இவர் போனை நோண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான். போன் கம்பெனி தன் பழைய லைனை மாசக் கடைசியோடு இழுத்து மூடுகிறதாம். இவர் ஒரு வருஷத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டியிருந்தார். ஏழு மாசம்தான் ஆகியிருந்தது.

“வாங்கும்போது வாயெல்லாம் பல்லு, இப்போ கதவை அடைக்கிறானா? விடமாட்டேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

“தனியாப் போகாதீங்க மாமா, ஏமாத்திடுவாங்க. நான் வர்றேன்.”

இவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

கம்பெனி ஆபீஸில் குளிர்காற்று ஊதியது. டோக்கன் எடுத்து உட்கார்ந்தார்கள். சுவரில் ‘வாடிக்கையாளர் உரிமைகள்’ என்று ஒரு காகிதம். தலைப்பு மட்டும் பெரிசு, மிச்சமெல்லாம் எறும்பு எழுத்து. கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“படி மாப்ளே.”

“முன்கூட்டியே நிறுத்தினா மீதி மாசத்துக்கான காசைத் திருப்பித் தரணும், அது உங்க உரிமை. நம்பரை வேற கம்பெனிக்கு மாத்திக்கலாம், அதுவும் உங்க உரிமை.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் மாமா.”

அவ்வளவுதான் இல்லை. மூன்றாவது வரி ஒன்று இருந்தது. நம்பரை மாற்ற முதலில் எழுதிக் கொடுக்கவேண்டும். பணத்தை முதலில் வாங்கிவிட்டால் இணைப்பு முடிந்தது, நம்பர் கம்பெனிக்கே போய்விடும். மச்சினன் அந்த வரிவரைக்கும் வந்து வாயை மூடிக்கொண்டான்.

“முதல்ல காசைக் கறந்துடுங்க மாமா. நம்பர் எங்க ஓடிடப் போகுது?”

கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். பேனாவைக் கொடுக்குமுன், “ஐயா, படிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள்.

“என் மச்சினன் படிச்சாம்மா. என் கண்ணுக்கு மேல அவன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

காசை எண்ணி உள்பையில் வைத்துக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு, நம்பரை மாற்ற எழுதிக் கொடுக்கப் பக்கத்துக் கவுண்டருக்குப் போனார். அங்கே இருந்தவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

“இந்த நம்பரை இப்பத்தானே விட்டுக்கொடுத்தீங்க?”

“நான் எங்கப்பா விட்டுக்கொடுத்தேன்? இந்தா, காசைத் திருப்பி எடுத்துக்க. ஒத்தைப் பைசா வேண்டாம்.”

“திருப்பி வாங்க வழி இல்லைங்க. கையெழுத்து உங்களுதுதானே? அடுத்த டோக்கன்!”

வரும் வழியெல்லாம் மச்சினன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு கம்பெனிக்காரன் வம்சத்தையே திட்டினான். இவர்தான் அவனைச் சமாதானப்படுத்தினார்.

புது நம்பர் வாங்கிப் பலகையில் எழுதிப் போட்டார். போன் ஊமையாய்க் கிடந்தது. ஒரு மாசம் கழித்து, அதுவரை அடிக்காமலிருந்த எதிர்க்கடைப் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. தெரு அகலம் பத்தடிகூட இல்லை. மச்சினன் குரல் தெளிவாய்க் கேட்டது.

“சாவிக்காரர்தான் பேசறேன், சொல்லுங்க. ஏழு ஏழு ரெண்டு, ஆமா, அதே நம்பர்தான்.”

சுத்தியலைக் கையில் பிடித்தபடியே எழுந்து போனார். மச்சினன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“கம்பெனிக்காரன் நம்பரை விற்பனைக்கு விட்டான், வாங்கினேன். நான் வாங்காட்டி யாரோ வாங்குவான். உங்களுக்கும் வயசாச்சு. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓட முடியுமா?”

“மூணாவது வரியை ஏண்டா படிக்கலை?”

“நீங்க கேட்டது ‘அப்புறம்’னுதானே? மூணாவது வரி இருக்கான்னு கேட்டீங்களா?” என்று சிரித்தான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே, “வெளியாளா வாங்கினான்? என் தம்பிதானே. அவனுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்றாள். தலை நிமிரவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

சரி, புதுச் சாவிகளில் புது நம்பர் அடித்தால் நாளாவட்டத்தில் ஊர் திரும்பி வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று வாரம் வேலை செய்தார். முப்பது, நாற்பது சாவி போயிருக்கும். ஒரு சாயங்காலம் மச்சினன் தெருவைத் தாண்டி வந்து, ஒடிந்த சாவித்தலை ஒன்றை மேசையில் போட்டான்.

“போன வாரம் நீங்க வெட்டினதாம் மாமா. அந்தம்மா என்னைக் கூப்பிட்டுச்சு. நீங்களே ஆள் அனுப்பி வைக்கறீங்க, கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த மாதிரி!”

பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஏழு, ஏழு, இரண்டு. வெட்டி முடித்துப் பலகையில் தொங்கவிட்டிருந்த சாவிகளைப் பதறிப் பதறி எடுத்துப் பார்த்தார். எல்லாம் அதே நம்பர். கண் புது நம்பரைப் பார்த்திருக்கிறது, கை பழையதைத்தான் அடித்திருக்கிறது. கைக்கு வேறொரு நம்பர் தெரியாது.

“நிறுத்தாதீங்க மாமா, நல்லா அடிங்க” என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மறுநாள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டுச் சாவி கொண்டுவந்தாள். வெட்டினார், பிசிறு எடுத்தார். அச்சுப் பெட்டியைத் திறந்தார், மூடினார். வெறும் சாவியை நீட்டினார்.

“என்னங்க, நம்பர் அடிக்கலையா? ஒடிஞ்சா யாரைக் கூப்பிடறது?”

“ஒடியாதும்மா.”

“அது எப்படி ஒடியாது? எதிர்க்கடையில சும்மாவே அடிச்சுத் தர்றாராமே” என்று அவள் தெருவைத் தாண்டினாள்.

மச்சினன் பத்து எண்ணையும் சேர்த்து ஒரே அச்சாய்ச் செய்து வைத்திருந்தான். சாவிக்காரர் தலை குனிந்துகொண்டார். சத்தத்துக்குக் காதை மூடவா முடியும்?

டக். ஒரே அடி.